சனிக்கிழமை இமேஜ்

"நீதாம்ல செஞ்ச. உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

"என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தான் சார் இருக்கு."

"வாய் வேற பேசுதியா? காஜா பாய், இவனை நீங்க வெளியே தள்ளுதீயளா, இல்ல நான் தள்ளட்டா?"

"என் ஆபீசு சார் இது. தள்ளுததுன்னா நான்தான் தள்ளணும். கொஞ்சம் பைய பேசுங்க. கீழ லேத்தை நிப்பாட்டிட்டுக் கேக்காவ."

கேட்டது உண்மைதான். பேட்டை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுடலைக்கண்ணு, மாடியில் குரல் உயர்ந்தால் முதல் காரியமாக மிஷினை அணைத்துவிடுவார். கையைத் துடைக்கிற சாக்கில் மாடிப்படிக்கு அடியில் வந்து நிற்பார். இந்தக் கதையில் பாதி அவர் காது வழியாக வந்தது. மீதிப் பாதி, அவரிடம் கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. அதைக் கூடியவரை கழித்துவிட்டுத்தான் இங்கே எழுதியிருக்கிறது.

மாடியில் இருப்பது ஹிலால் சாஃப்ட் என்ற கம்பெனி. சவூதியில் தமாம் நகரத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்த காஜா முகைதீன் ஆரம்பித்தது. ஷார்ஜா பக்கத்துப் பள்ளிக்கூட வேன்கள் இப்போது எந்த முக்கில் வருகின்றன என்று தாய்மாருக்குப் போனில் காட்டும் செயலி ஒன்றுதான் அவர்களுடைய சரக்கு. கத்திக்கொண்டிருந்தவர் நேசையா, பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் பெனோ. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி வீட்டுப் பையன், சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நேசையாவின் மகள் ரீபா, அந்த ஆபீசின் கெட்டிக்காரி, மூலையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னை முன்னிட்டு நடக்கிற சண்டையில் அவள் வாயைத் திறக்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று சுடலைக்கண்ணு பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

சண்டை என்னவென்றால், ரீபாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை டைட்டஸ் ஜாம்நகரில் எண்ணெய் ஆலை இன்ஜினியர். கல்யாணமானதும் ரீபா அங்கே போக வேண்டும். காஜா அவளை விடுவிக்க ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: அவள் வேலையை பெனோ பழகிக்கொண்டு, தொடர்ந்து நாலு சனிக்கிழமை ஒன்றும் கெடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் தேதி. தேதி தெரிந்தால்தான் நேசையா ஓலைக்குப் பேர் கொடுப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வேதக்கோயில் ஆராதனையில் வாசிக்கிறார்களே, அதுதான் ஓலை. அது வாசிக்காமல் பாளையங்கோட்டையில் தாலி ஏறாது.

சனிக்கிழமை வரும், மிஷின் கெடும். ஞாயிற்றுக்கிழமை ஓலை கிடையாது. திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டு அத்தை போன் செய்து, "என்ன, இந்த வாரமும் இல்லியா?" என்பாள். வெயில் போய்ச் சாரல் பிடிக்கும் வரை இதே கூத்து. போன வாரம்தான் காஜா முடிவாகச் சொன்னார், இந்தச் சனிக்கிழமையும் கெட்டால் பெனோவுக்குச் சீட்டுக் கிழித்துவிடுவதென்று. இன்றைக்குச் சனிக்கிழமை. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கெட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார்கள் குற்றாலலிங்கமும் அவருடைய உதவியாள் ஷமீமும். வண்ணார்பேட்டையில் 'துப்பறியும் நிபுணர்' என்று பெரிய பலகை வைத்திருக்கிறாரே, அவரேதான். பலகை என்னவோ அப்படிச் சொல்லும். அவர் துப்பறிந்ததெல்லாம் மாப்பிள்ளைகளைத்தான். குடிக்கிறானா, கோள் சொல்கிறானா, வெளியூரில் இன்னொரு குடித்தனம் உண்டா. டைட்டஸைப் பற்றி ஜாம்நகர் வரை ஆள் வைத்து விசாரித்து, "தங்கமான பையன், சுட்டுப் பார்த்தாலும் மாத்துக் குறையாது" என்று நேசையாவிடம் சொன்னவரும் அவர்தான். அந்த நம்பிக்கையில் நேசையா அவரையே இதற்கும் வரச் சொல்லியிருந்தார்.

"யாரு மௌத்து?" என்றான் ஷமீம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. மேலப்பாளையத்துக்காரன், வேலையில் பாதி ஸ்கூட்டர் ஓட்டுவது, பாதி வாய். "கீழ வரைக்கும் அழுகை கேக்கு."

"யாரும் மௌத்தாகல மருமவனே. ஒரு இமேஜுதான்," என்றார் காஜா.

"அது யாரு மாமா?"

பெனோதான் விளக்கினான். அழுகையை அடக்கிக்கொண்டு விளக்கியதால் சுருக்கமாக இருந்தது. "செயலியை ஒவ்வொரு தடவை கட்டும்போதும் ஒரு புது மிஷின் எழும்பும் சார். நெசமான மிஷின் இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள எழும்புத மிஷின். கட்டி முடிச்சதும் அதை அழிச்சிருவோம். அடுத்த தடவைக்கு அடுத்த மிஷின்."

"கல்யாணச் சமையல்காரன் அடுப்பு மாதிரி," என்றான் ஷமீம். "பந்தி முடிஞ்சதும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருதான். மறு கல்யாணத்துக்கு அண்டா முதக்கொண்டு புதுசா இறக்கணும்."

"அண்டா, கரண்டின்னு ஒவ்வொண்ணா இறக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சிரும். அதனால எல்லாச் சாமானும் வச்ச முழுச் சமையக்கட்டையும் ஒரு அச்சு எடுத்து வச்சிருப்போம். அந்த அச்சுல இருந்துதான் எல்லா மிஷினும் வரும். அதுக்குப் பேருதான் இமேஜ்."

குற்றாலலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அச்சு இருந்தா அப்படியே இருக்கட்டுமே. அதுல என்ன வேலை?"

"கருவிக்கெல்லாம் வாராவாரம் புது வெர்ஷன் வரும் சார். சனிக்கிழமை காலையில அதையெல்லாம் ஏத்தி இமேஜைப் புதுசா எடுக்கணும். பழைய கருவியில கட்டுன செயலியைப் போன் கம்பெனிக்காரன் கடையில சேக்க மாட்டான்."

"சேக்கலைன்னா?"

"ஷார்ஜாவுல பத்தாயிரம் தாய்மாரு வாசல்ல நிப்பாவ," என்றார் காஜா. "நிக்க மட்டும் மாட்டாவ. எனக்குப் போன் பண்ணுவாவ."

"சரி, இன்னைக்கு நடந்ததைச் சொல்லு."

"காலையில புதுசா எடுத்தேன். ரீபா அக்காவும் பாத்தாங்க, சரியா இருந்தது. சாப்பிட்டு வந்து திறந்தா, பழைய இமேஜு வந்து நிக்கு. போன மாசத்துக் கருவியெல்லாம் கால் நீட்டி உக்காந்திருக்கு."

"நடுவுல யாரு உள்ள போனாங்கன்னு மிஷின் சொல்லாதா?"

"சொல்லும் சார். அட்மின்னு சொல்லும்."

"அது யாரு?"

பெனோ காஜாவைப் பார்த்தான். காஜா மின்விசிறியைப் பார்த்தார். தமாமில் எட்டுப் பேர் தங்கிய அறைக்கு ஒரே சாவிதான். வாசல் ஆணியில் தொங்கும். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகாமல், ஆபீசில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்திருந்தார். ரீபா தலைபாடாக அடித்துக்கொண்டும் மாற்றவில்லை.

"ஒரே குடும்பம் மாதிரி இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

"குடும்பத்துக்குள்ளதான் மாமா எல்லாக் கேசும் நடக்கு," என்றான் ஷமீம்.

நேசையாவைக் காஜாவின் அறையில் டீ கொடுத்து உட்கார்த்தி வைத்துவிட்டு, குற்றாலலிங்கம் பெனோவை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மாப்பிள்ளை விசாரிக்கிற அதே குரலில், தோளில் கை போட்டுக் கேட்டார்: "தம்பி, ரீபா மேல உனக்கு ஒரு இது உண்டா?"

"அக்கா மேலயா?"

"அண்ணாச்சி, அக்காங்கான்," என்றான் ஷமீம். "நேசையா சார் போட்ட காதல் கேசு இங்கனயே படுத்துட்டு."

"அக்கா போனாத்தான் சார் அந்த ஏசிக்கு நேரா உள்ள சீட்டு எனக்கு. நான் எதுக்குக் கெடுக்கப் போறேன்? இந்த வேலையை விட்டா வீட்டுல என்ன சொல்லுவேன்? மில்லுல எங்கப்பா கூட இருந்தவங்ககிட்ட எல்லாம் அவரு ஏற்கெனவே சொல்லிட்டாரு, எம் மவன் கம்ப்யூட்டருக்கே சமையக்கட்டு கட்டுதான்னு."

அடுத்து காஜா. அவர் ஒளிக்கவில்லை. "அந்தப் புள்ள போகக் கூடாதுன்னு எனக்கு ஆசைதான். அல்லா மேல ஆணையா, ஆசைதான். ஆனா இமேஜை எங்கன திறக்கணும்னே எனக்குத் தெரியாது. என் போன்ல எழுத்தைப் பெருசாக்கித் தந்ததே அவதான்."

"அப்ப கெடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஆசை இல்ல. ஆசை உள்ளவனுக்குக் கெடுக்கத் தெரியல," என்றான் ஷமீம். "அண்ணாச்சி, நாம பேசாம மாப்பிள்ளையையே விசாரிக்கப் போயிருவோம்."

குற்றாலலிங்கத்துக்குக் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தொழில் ரகசியம் தெரியும். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாது; அவன் காலி பண்ணிவிட்டுப் போன அறையைப் போய்ப் பார்க்க வேண்டும். "ஏலே பெனோ, கெட்டுப்போனதா சொல்லுதியே, அந்த இமேஜைத் திற. உள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா காட்டு."

"எல்லாம் பழசு சார்."

"பழசைத்தான் பாக்கணும்."

பெனோ திறந்தான். ரீபா எழுந்து, "நான் கீழ போய்ட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு வெளிப்படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"இது போன மாசத்தது," என்றான் பெனோ. "இதுவும் போன மாசத்தது. இது அதுக்கும் முந்தினது."

"ஒண்ணு சொல்லு. ஷார்ஜாவுக்கு அனுப்புதது எந்தக் கிழமை?"

"வியாழன் சார். வியாழக்கிழமை கட்டி, பாத்து, அனுப்பிருவோம்."

"அது ஒரு தடவையாவது கெட்டிருக்கா?"

பெனோ யோசித்தான். "இல்ல சார். சனிக்கிழமை மட்டும்தான் கெடும். திங்கட்கிழமை உக்காந்து அக்கா சரி பண்ணிருவாங்க."

"அதாவது நம்ம ஆளுக்குத் தாய்மாரு மேல இரக்கம் உண்டு," என்றார் குற்றாலலிங்கம். "ம், மேல போ."

"இது பழசு. இது பழசு. இது..." பெனோவின் விரல் நின்றது. "இது எப்படி?"

"என்ன?"

"இது மட்டும் இந்த வாரத்தது சார். மிஷினுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு, வெளியாளு பூந்திரலாம்னு புதன்கிழமைதான் உலகத்துக்கே சொன்னாங்க. அதை அடைக்கதுக்கு வந்த ஒட்டு இது. பழைய இமேஜுல இது இருக்க முடியாதே."

"போன சனிக்கிழமை கெட்டது இருக்கா?"

இருந்தது. அதைத் திறந்தான். அதிலும் அப்படியே: உள்ளே உள்ளதெல்லாம் அரதப் பழசு, அந்தந்த வாரத்து ஓட்டை மட்டும் பளிச்சென்று அடைத்திருந்தது. அதற்கு முந்தின வாரமும் அதே கதை. யாரோ பழைய இமேஜைத் தூக்கி அப்படியே வைக்கவில்லை. எடுத்து, தட்டிப் பார்த்து, ஓட்டையை அடைத்து, அப்புறம் வைத்திருக்கிறார்கள்.

"வீட்டுல பூந்து களவாண்டவன், ஒழுகுத குழாயைச் சரி பண்ணிட்டுப் போயிருக்கான் அண்ணாச்சி," என்றான் ஷமீம். "இவனை எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க வீட்டுக்கு வரச் சொல்லலாம்."

"தம்பி, கெடுக்கணும்னு நினைச்சு நீ பழசை எடுத்து வச்சா, ஓட்டையை அடைக்கணும்னு உனக்குத் தோணுமா?"

"சத்தியமாத் தோணாது சார்."

"யாருக்குத் தோணும்?"

பெனோ மூலையில் காலியாகக் கிடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே ஒருத்தி, ஓட்டை உள்ள இமேஜ் ஒரு மணி நேரம் கிடந்தாலும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவள், இப்போதுதான் கீழே போவதாகச் சொல்லி எழுந்து போயிருந்தாள்.

"நீ இங்கனயே இரு," என்றார் குற்றாலலிங்கம். "யாருகிட்டயும் பேசாத."

ரீபா கீழே போகவில்லை. படிக்கட்டின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். லேசாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது; அவள் நகரவில்லை. குற்றாலலிங்கம் இரண்டு படி மேலே உட்கார்ந்தார். ஷமீம் நின்றுகொண்டான். லேத் சத்தம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஓட்டையை அடைச்சது நீதானம்மா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அதை மட்டும் அப்படியே விட முடியல சார். எவனாவது பூந்துட்டான்னா வேன் எங்கன நிக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வேன்."

"அப்ப மத்தது?"

"மத்ததும் நான்தான்."

இத்தனை சனிக்கிழமையாக நேசையாவும் காஜாவும் மாப்பிள்ளை வீட்டு அத்தையும் தேடிய குற்றவாளி, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே இரண்டு வார்த்தையில் ஒத்துக்கொண்டாள். குற்றாலலிங்கத்துக்கு இப்படி ஒரு கேசு அமைந்ததில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை என்கிறார் சுடலைக்கண்ணு.

"யாரையும் விரும்புதியா?"

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்காங்க. யாராவது இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"டைட்டஸ்ட்ட என்ன குறை?"

"நீங்கதானே விசாரிச்சீங்க. நீங்க சொல்லுங்க."

அவளே சொன்னாள். "ஒரு குறையும் இல்ல சார். நல்லவங்கதான். போன்ல பேசினப்ப, ஒரு பொத்தானை அமுக்கினா இந்த இமேஜ் தானாப் புதுசாகிற மாதிரி நான் செஞ்சு வச்சிருக்கதை ஆசையாச் சொன்னேன். குறுக்க பேசாம முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு, 'பாவம், ரொம்பக் கஷ்டப்படுத. இங்க வந்ததும் நல்லா ரெஸ்ட் எடுத்துக்கோ'ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அதுல இருந்து மூச்சு முட்டிக்கிட்டே இருக்கு."

"அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னேன். காரணம் கேட்டாங்க. காரணம்னு ஒண்ணும் இல்லப்பான்னேன். காரணம் இல்லைன்னா வேண்டாம்ங்கிறதும் இல்லைன்னாங்க. கணக்கு சார் இல்லியா."

ஷமீம் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினான். "ஓலை வாசிக்கும்போது தடை சொல்லலாமாமே தங்கச்சி."

"ஊர்ல யாரு வேணும்னாலும் சொல்லலாம் அண்ணே. கல்யாணப் பொண்ணே எந்திரிச்சு, எனக்குத் தடை இருக்குன்னு சொல்லிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பொம்பளைங்க வரிசையில எங்கம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு?"

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரை போகவிடாமல் சனிக்கிழமையிலேயே நிறுத்திக்கொண்டிருந்தாள். எத்தனை சனிக்கிழமை நிறுத்த முடியும் என்று அவளுக்கும் தெரியாது. வேறு எதையும் நிறுத்த அவளுக்கு வகை இல்லை. இமேஜ் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்டது.

"உன் சனிக்கிழமைக்கு அந்தப் பெனோ தலை உருளுதேம்மா."

"திங்கட்கிழமை திட்டு வாங்குவான், அவ்வளவுதான்னு நினைச்சேன். போன வாரம் காஜா சார் சொன்னது சும்மா மிரட்டல்னு இருந்துட்டேன், நெசமாவே வேலையை விட்டு அனுப்புவாங்கன்னு நினைக்கல. அதான் இங்கன வந்து உக்காந்திருக்கேன். உள்ள போகவும் முடியல, கீழ போகவும் முடியல."

ஷமீம் இறங்கி வந்து குற்றாலலிங்கத்தின் காதில் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. டைட்டஸுக்கு நாமளே ஒரு குறை கண்டுபிடிச்சிருவோம். பெருசா வேண்டாம். தூக்கத்துல நடக்கான்னு வையுங்க."

"ஏலே, நம்ம வாயால ஒருத்தனுக்குக் குறை சொன்னா ஆயுசுக்கும் அது அவனை விடாது. அவன் என்ன பாவம் செஞ்சான்?"

"அப்ப யாருதான் பாவம் செஞ்சது?"

மேலே காஜாவின் குரல் கேட்டது. "பெனோ, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நஸீபு, தலையெழுத்துன்னு நினைச்சுக்கோ. கழுத்துல கெடக்க அந்த அட்டையைக் கழத்தி மேசையில வச்சிரு."

ரீபா எழுந்தாள். இவர்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு படியேறினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று பின்னாலேயே ஓடினார்கள்.

"சார், பெனோவை விடுங்க. கெட்டது என் கையால," என்றாள்.

நேசையா கையிலிருந்த டீ கிளாஸ் பாதியில் நின்றது. இதோ சொல்லப் போகிறாள், எல்லாம் உடையப் போகிறது என்று குற்றாலலிங்கம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ரீபா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "பழைய கருவியைப் பிடிச்சு வைக்கிற ஒரு வரியை எடுக்காம விட்டிருக்கேன். கவனிக்கல," என்றாள்.

"கைத்தவறா?" என்றார் காஜா.

"கைத்தவறுதான் சார்."

"அட ரப்பே. இதுக்கா இத்தனை கூத்து." காஜா சிரித்தார். நேசையா அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். "பாத்தியளா? கல்யாண ஞாபகம். பிள்ளைக்கு மனசு இங்க இல்ல," என்று மகளின் தலையைத் தடவினார். பெனோவிடம் மன்னிப்புக் கேட்டு, முதுகில் தட்டி, கல்யாணத்துக்கு முதல் ஆளாக வர வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெனோ சிரிக்கவில்லை, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரீபாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் உட்கார்ந்து அத்தனை பேர் முன்னாலும் இமேஜைப் புதுசாக எடுத்தாள். ஒவ்வொரு கருவியாக ஏறியது. புது மிஷின் எழும்பியது, செயலியைக் கட்டியது, அழிந்தது. ஒரு பிசிறு இல்லை. காஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு நாலு சனிக்கிழமை என்று அந்த நிபந்தனையையும் அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டார். "நீங்க தேதியைச் சொல்லுங்க சார், நான் புள்ளையை விட்டுருதேன்." மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அன்றைக்கு அந்த மாடியில் கெட்ட எண்ணம் உள்ளவர் என்று ஒருத்தரையும் காட்ட முடியாது.

கீழே நேசையா ஸ்கூட்டரை எடுக்கும்போது குற்றாலலிங்கம் பக்கத்தில் போய் நின்றார். "சார், பிள்ளைகிட்ட இன்னொரு தடவை கேளுங்களேன்."

"எதை?"

"இஷ்டமான்னு."

"கேட்டேனே அண்ணாச்சி. வேண்டாம்னா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. நீங்களும் அவ்வளவு விசாரிச்சு, ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீய?"

"சொன்னேன்."

"பின்ன?" நேசையா குரலை இறக்கினார். அதில் வாத்தியார் அதட்டல் இல்லை. "நல்ல இடம் அண்ணாச்சி. காரணமே இல்லாம இதை விட்டுட்டு, இன்னொண்ணை நான் எங்கன போய்த் தேட? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாத மாப்பிள்ளையா?"

குற்றாலலிங்கத்துக்கு மாவட்டத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் தெரியும். குனிந்து ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் முதல் ஓலை. அடுத்த வாரம் இரண்டாவது. மூன்றாவது ஞாயிறு, நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டுக் குற்றாலலிங்கம் அந்தக் கோயிலின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் பாளையங்கோட்டையில் பேசப்படுகிற சமாச்சாரம். ஷமீம் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றான்.

பாஸ்டர் இரண்டு பெயரையும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

குற்றாலலிங்கம் எழுந்து நின்றார்.

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. பெண்கள் வரிசையில் ரீபாவின் அம்மா பாக்கியவதி திரும்பினாள். ரீபாவும் திரும்பினாள், அவரை நேராகப் பார்த்தாள். நேசையாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்துவிட்டார்.

"சொல்லுங்க," என்றார் பாஸ்டர்.

பையன் குடிப்பானா? இல்லை. கடன்? இல்லை. வேறு குடித்தனம்? இல்லை. அவளுடைய சனிக்கிழமைக் காரியத்தைச் சொல்லலாம். அது அவள் சொல்லாமல் விட்டது. கைத்தவறு என்று அவள் வாயால் சொன்னதை இத்தனை பேர் முன்னால் பொய்யென்று சொல்ல வேண்டும். பெனோ ஆண்கள் பக்கம் குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லைங்க," என்றார் குற்றாலலிங்கம். "இங்கன காத்து வரல."

மணியடிக்கிற கோயில்பிள்ளை ஓடிவந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். எல்லாரும் முன்பக்கம் திரும்பினார்கள். ரீபா கடைசியாகத் திரும்பினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டில் குறை சொன்னவர்கள்கூட இரண்டாம் தடவை வாங்கினார்கள். ரீபா டைட்டஸோடு ஜாம்நகர் போனாள். பெனோ ஏசிக்கு நேரான சீட்டில் ஒரு வருடம் உட்கார்ந்தான். பிறகு புன்னக்காயல் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். காஜா இப்போது ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்துவிட்டு, தன்னுடையதை மறந்துவிட்டு நிற்கிறார். குற்றாலலிங்கம் மாப்பிள்ளையை விசாரிக்கும் முன் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்று புதுசாக ஒரு சட்டம் போட்டார். அதோடு வாடிக்கையாளர்கள் சமாதானபுரம் பக்கத்து இன்னொரு ஏஜென்சிக்குப் போய்விட்டார்கள். பலகையை இறக்கிவிட்டு, மகள் பிரம்மநாயகி வீட்டோடு தென்காசியில் இருக்கிறார். ஷமீமுக்கு அஸீலா என்ற பெண்ணைப் பேசி முடித்து, மச்சான் ரசீத் இருவரையும் மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டான். அங்கே அவன் சொல்கிற நகைச்சுவை யாருக்கும் புரிவதில்லையாம்.

போன கிறிஸ்துமசுக்கு டைட்டஸ் மட்டும் வந்தான். ரீபாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார் நேசையா. வேலைக்கே போகாதவளுக்கு என்ன லீவு என்று கேட்க எங்கள் எல்லாருக்கும் வாய் வரை வந்தது. டைட்டஸ் பக்கத்திலேயே நின்று, ஒருத்தர் விடாமல் நலம் விசாரித்து, அவரவர் கையில் கேக் தட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.